ஆழம் பார்க்கப் போன லோகநாதன்

முடிச்சூர் லோகநாதனை நம்பி மனை வாங்கியவர் யாரும் இதுவரை கோர்ட்டு வாசலை மிதித்ததில்லை. தாம்பரத்திலிருந்து படப்பை வரை எந்தக் காலி இடத்தைக் காட்டினாலும், அது யார் பாட்டன் சொத்து, மழை வந்தால் தண்ணீர் எதுவரை ஏறும், எந்தப் பங்காளி எப்போது சண்டைக்கு வருவான் என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவார். அப்பா நெல் போட்ட நிலமெல்லாம் நகராகிப்போன பிறகு தரகில் இறங்கியவர். வெள்ளைச் சட்டை, இரண்டு செல்போன், தெருமுனையில் பேசினால் கோயில்வரை கேட்கிற குரல். தீர விசாரிப்பதே மெய் என்பது அவருக்கு வேதவாக்கு.

விசாரிப்பதில் அவருக்கென்று ஒரு வித்தை உண்டு. விற்க வந்தவனோடு நல்லபடியாகப் பேசிக்கொண்டே இருப்பார். நடுவில், அந்த இடத்தின் பேரில் ஏதோ வழக்கு இருக்கிறதாமே என்று இல்லாத ஒன்றைத் தூக்கிப் போடுவார். மடியில் கனமிருப்பவன் குதிப்பான், இல்லாதவன் நிதானமாகப் பதில் சொல்வான். பத்திரத்தைவிட அந்த முகத்தைத்தான் லோகநாதன் நம்புவார்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்குத் தன் வீட்டு அறைக்குள் நடப்பது தெரியவில்லை என்றால் யாராவது நம்புவார்களா? தெரியவில்லை. அதுதான் நடந்தது.

ஒரே மகள் ஹேமாவதி. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பொங்கல் முடிந்து எல்லாரும் வேலைக்குக் கிளம்ப, அவள் மட்டும் கிளம்பவில்லை. முதலில் லீவு என்றாள், பிறகு வீட்டிலிருந்தே வேலை என்றாள், அதற்குப் பிறகு எதுவும் சொல்லவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள் படுத்தவள்தான். தட்டில் வைத்த சோறு அப்படியே திரும்பி வந்தது. தலை சீவி எத்தனை நாளானது என்று தெரியாது. மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டாள். தோழிகள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். போன் தலைமாட்டில் அடித்து ஓய்ந்ததே தவிர அவள் எடுக்கவில்லை.

அவர் மனைவி சந்திரிகா பூசணிக்காய் சுற்றிப் போட்டாள். வண்டலூர் பக்கம் யாரிடமோ கயிறு மந்திரித்துக் கொண்டுவந்தாள். அதைக் கட்டிக்கொள்ள ஹேமா கையைக்கூட நீட்டவில்லை. கடைசியில், வழக்கமாகக் காய்ச்சல் மாத்திரை கொடுக்கும் டாக்டர் தினகரன் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு, உடம்பில் ஒன்றுமில்லை, மனதுக்குத்தான் பார்க்க வேண்டும், நல்ல மனநல ஆலோசகராகப் பார்த்துச் சீக்கிரம் கூட்டிப்போங்கள் என்று சொன்னார்.

லோகநாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் தலைமுறைக்கு மனசு, டாக்டர் என்ற இரண்டு வார்த்தைகளும் சேர்ந்தால் கீழ்ப்பாக்கம் பைத்தியக்கார ஆஸ்பத்திரிதான். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க வந்தால் என்ன ஆவது? ஊரில் இருக்கிற ஒவ்வொரு சென்ட்டையும் விசாரித்தவர், இதை மட்டும் ஒருத்தரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியாமல் தவித்தார். சந்திரிகாவிடம்கூட மூச்சு விடவில்லை. அவளிடம் சொன்னால் அவள் தங்கையிடம் சொல்வாள், தங்கையிடம் சொன்னால் பல்லாவரம் சந்தையில் தண்டோரா போட்டதற்குச் சமம்.

போனிலேயே தேடிச் சில பெயர்களைப் பிடித்தார். ஆனால் பெயரைப் பார்த்துப் பெண்ணை ஒப்படைத்துவிட முடியுமா? மண்ணைக் கையில் அள்ளிப் பார்க்காமல் மனைக்கே அட்வான்ஸ் கொடுக்காதவர். முதலில் நானே போகிறேன், அவளுக்கு இருப்பதையெல்லாம் எனக்கு இருப்பதாகச் சொல்கிறேன், ஆள் எப்படி என்று தெரிந்துவிடும் என்று முடிவு செய்தார். அந்த யோசனை வந்ததற்காகத் தன்னையே மெச்சிக்கொண்டார், பாவம்.

சேலையூரில் பார்த்தவர் சுவர் நிறையச் சான்றிதழ் மாட்டியிருந்தார். லோகநாதன் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை என்று தொடங்கியதுமே, காலையில் கண்ணாடி முன் நின்று நான் ஜெயிக்கப் பிறந்தவன் என்று சத்தமாகச் சொல்லிச் சிரிக்கச் சொன்னார். சிரித்தும் காட்டினார். பல்லாவரத்தில் ஓர் அம்மாள், கட்டிலைத் திருப்பிப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு, மூன்று மாத பேக்கேஜுக்கு இன்றைக்குச் சேர்ந்தால் தள்ளுபடி என்றார். மனை விற்கிறவன் பேச்சு லோகநாதனுக்குத் தெரியாதா? கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

மூன்றாவதாகப் போனது சிட்லபாக்கத்தில். மருந்துக்கடைக்கு மேலே மாடியறை, சின்ன போர்டு, ஞானசௌந்தரி என்று பெயர். நாற்பது வயதிருக்கும், காட்டன் புடவை. இரண்டு போனையும் அணைக்கச் சொன்னதும் லோகநாதனுக்குச் சட்டையைக் கழற்றச் சொன்னதுபோல் இருந்தது. இங்கே சொல்வது இந்த அறையைத் தாண்டாது, உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் உங்கள் வீட்டில் ஒருவரிடம் பேசுவேன் என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். ஷரத்தை முதலிலேயே சொல்கிற பார்ட்டி. லோகநாதனுக்குப் பிடித்துப்போனது.

சாப்பாடு இறங்கவில்லை, சத்தம் தாங்கவில்லை, யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை என்று மகளுடையதை எல்லாம் தன்னுடையதாக எடுத்துவைத்தார். அந்த அம்மாள் புத்தி சொல்லவில்லை, கேள்வி கேட்டார். இது எப்போது ஆரம்பித்தது? பொங்கலுக்கு அப்புறம். பொங்கலுக்கு முன்னால் என்ன நடந்தது? லோகநாதனுக்குத் தெரியவில்லை. கடைசியாக எப்போது மனம்விட்டுச் சிரித்தீர்கள்? தெரியவில்லை. யாரோடு பேசினால் கொஞ்சம் லேசாக இருக்கும்? ஹேமாவுக்கு யாரோடு பேசினால் லேசாக இருக்கும் என்று தனக்குள் தேடினார். அந்தக் குளிரூட்டிய அறையில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. மண்ணிவாக்கத்தில் எந்த வரப்பு யாருடையது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். பெற்ற பெண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

அப்போதுதான் ஞானசௌந்தரி அந்தக் கேள்வியைக் கேட்டார். குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை.

"செத்துப்போயிடலாம்னு தோணுதா சார்?"

மற்ற இரண்டு பேரும் கேட்காத கேள்வி. லோகநாதனுக்குள் இருந்த தரகர் சட்டென்று விழித்துக்கொண்டார். இல்லாத வழக்கை எடுத்துப் போட வேண்டிய நேரம் இதுதான். பதறுகிறாரா, இன்னும் நாலு தடவை வரச் சொல்லிக் காசு பார்க்கிறாரா, பார்த்துவிடுவோம் என்று நினைத்தார்.

"தோணுது. தெனமும் தோணுது," என்றார்.

ஞானசௌந்தரி பதறவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, சொன்னது நல்லதாகப் போயிற்று என்றார். இன்றைக்கு உங்களைத் தனியாக அனுப்ப மாட்டேன், வீட்டிலிருந்து ஒருவர் வந்து கூட்டிப்போக வேண்டும், யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டார். ஆள் தேறிவிட்டார், இவரிடம் தைரியமாகப் பெண்ணை அழைத்து வரலாம் என்று லோகநாதன் மனதுக்குள் முத்திரை குத்தினார். அதோடு உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் எதையும் கடைசிவரை பார்த்துத்தான் பழக்கம். சந்திரிகா பெயரைச் சொன்னால் ஊர் கூடிவிடும். ஹேமா எப்படியும் போனை எடுக்கப் போவதில்லை. அவள் பெயரைச் சொல்லி, தன் போனை உயிர்ப்பித்து, எண்ணைப் போட்டு நீட்டினார்.

மணி அடித்தது. எடுத்துவிட்டாள்.

ஒரே வீட்டில் இருப்பவளை எதற்குப் போனில் கூப்பிடுவது என்று அவர் இத்தனை மாதமும் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. அப்பா என்ற பெயர் திரையில் வந்ததும் எடுத்திருக்கிறாள். ஞானசௌந்தரி நிதானமாகத் தான் யார் என்பதைச் சொன்னார், அப்பா மனம் உடைந்திருக்கிறார், அவர் தனியாக இருக்கக்கூடாது, யாராவது வர முடியுமா என்று கேட்டார். எதிர்முனையிலிருந்து, "அப்பாவை எங்கயும் அனுப்பாதீங்க. நானே வரேன்," என்ற குரல் லோகநாதன் காதிலும் விழுந்தது.

அந்தக் குரலில் ஒரு முழு வாக்கியம் கேட்டு எத்தனை மாதம்! வாசற்படி தாண்டாதவள் வருகிறேன் என்கிறாள். இப்போது உண்மையைச் சொன்னால் அவள் மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். வரட்டும், வந்து இந்த அம்மாள் முன்னால் உட்காரட்டும் என்று வாயை மூடிக்கொண்டார். பொய்யிலும் ஒரு நல்லது நடக்கிறதே என்று அவருக்கு உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் உடம்பு கூசும்.

ஆட்டோ பிடித்து வந்தாள். நைட்டிக்கு மேல் துப்பட்டா, சடை பிடித்த தலை, காலில் அம்மாவின் செருப்பு. வெயில் பட்டே நாளான முகம் வெளுத்துக் கிடந்தது. படியேறிய மூச்சு வாங்கலோடு நேராக வந்து அப்பாவின் முன்னால் தரையில் உட்கார்ந்து, அவருடைய இரண்டு முழங்காலையும் கட்டிக்கொண்டாள்.

"என்னாலதானாப்பா?"

லோகநாதனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. உடைந்துபோய் எல்லாவற்றையும் கொட்டினார். தனக்கு ஒன்றுமில்லை, அவளை அழைத்து வருவதற்கு முன்னால் ஆளைச் சோதிக்கத்தான் வந்தேன், அவளுடையதைத்தான் என்னுடையதாகச் சொன்னேன் என்று மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னார். ஞானசௌந்தரியின் முகம் சிவந்தது. உயிர் விஷயத்தில் விளையாடலாமா சார் என்று கேட்டார். லோகநாதன் அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஹேமா கோபித்துக்கொள்ளவில்லை. கட்டியிருந்த கையை மட்டும் எடுத்துவிட்டாள். தரையைப் பார்த்தபடி, என்னவெல்லாம் சொன்னாய் என்று கேட்டாள். எழுந்திருக்கப் பிடிக்கவில்லை என்றார், தலையாட்டினாள். சோறு, சத்தம், முகம் பார்க்கப் பிடிக்காதது, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். இத்தனையையும் அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்பது அவளுக்கே புதிதாக இருந்திருக்க வேண்டும். அப்புறம் என்றாள். லோகநாதன் தயங்கினார். கடைசியில் ஒன்று நானாகச் சேர்த்துச் சொன்னதும்மா, அது சும்மா, இவங்க எப்படின்னு பார்க்கறதுக்காக என்று இழுத்து, அதையும் சொன்னார்.

ஹேமா தலையாட்டவில்லை. முதன்முறையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் கண்ணில் பயம் இருந்தது.

"அத யாருப்பா உன்கிட்ட சொன்னா?"

லோகநாதனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அறையில் இருந்த காற்றையெல்லாம் யாரோ உறிஞ்சிக்கொண்டதுபோல் இருந்தது. ஞானசௌந்தரி எழுந்து வந்து ஹேமாவைத் தோளைப் பிடித்துத் தூக்கி, தன் நாற்காலிக்கு எதிரே இன்னொரு நாற்காலியில் உட்கார வைத்தார். யாரும் சொல்லவில்லைம்மா, நீ சொல், நான் கேட்கிறேன் என்றார். பிறகு லோகநாதனிடம் திரும்பி, "சார், நீங்க வெளிய இருங்க. போயிடாதீங்க," என்றார்.

லோகநாதனே கதவைச் சாத்திவிட்டு வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். கீழே மருந்துக்கடையில் யாரோ இருமல் மருந்துக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெண் குரலில் ஓர் அழுகை கதவுக்கு உள்ளே தொடங்கி, நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அணைக்க மறந்த போன் பையில் அடித்தது. கோயிலிலிருந்து திரும்பிய சந்திரிகா. அறை திறந்து கிடக்கிறது, பொண்ணைக் காணோம், நாலு தெரு தேடியாச்சு, எங்கே போனாள் என்று கத்தினாள்.

"உயிரோட கீறாடி," என்றார் லோகநாதன்.

"இன்னாய்யா பேசற நீ? எங்க போனான்னுதான கேட்டேன்?"

ஊரெல்லாம் கேட்கும் லோகநாதனின் குரல் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்காத அளவுக்கு இறங்கிப் போயிருந்தது. அவர் அதையே மறுபடியும் சொன்னார்.