டிரஸ்ஸர் ஐயா அனுப்பிய கும்பிடு

என் வீட்டுக்காரர் காலில் அந்தக் கொப்புளம் எப்போது வந்தது என்று அவருக்கே தெரியாது. செரண்டாவில் ஒரு தொழிற்சாலை வாசலில் அவருக்கு ஜாகா வேலை, காவல் காப்பது. காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை கறுப்புப் பூட்ஸ், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கையில் ஹேண்போன். லோரி வந்தால் தடுப்புக் கட்டையைத் தூக்க வேண்டும், போனால் இறக்க வேண்டும். மற்ற நேரமெல்லாம் குனிந்த தலை நிமிராது. தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டிய காலத்தில் நாள் முழுக்க அண்ணாந்து பார்த்தே வேலை செய்த மனுஷன் அவர். இப்போது கழுத்தைத் திருப்பச் சொன்னால் உடம்போடு சேர்த்துத்தான் திரும்புவார்.

இனிப்பு நீர், சர்க்கரை வியாதி உள்ள உடம்பு. தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லி கிளினிக்கில் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா? நடந்தால் இனிப்பு நீர் குறையும் என்று சொல்லும் வீடியோக்களை உட்கார்ந்துகொண்டே பார்த்தார்!

"என்னங்க, எழுந்து ரெண்டு சுத்து சுத்திட்டுத்தான் வாங்களேன்" என்றால், "இருலா, இது முடியட்டும்" என்பார். எது முடிந்தது? ஒன்று முடிவதற்குள் அந்தச் சனியனில் இன்னொன்று தானாகவே ஆரம்பித்துவிடும்.

நான் மட்டும் என்ன ஒழுங்கா? முதலாளி தோட்டத்தை விற்ற பிறகு ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். சிலர் புக்கிட் பெலிம்பிங், நாங்கள் புக்கிட் பெருந்துங். பழைய தோட்டத்து வேதக்கோயில்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஹேண்போனில் ஒரு ஜெபக் குழு வைத்திருந்தோம். யாருக்குக் காய்ச்சல், யார் பிள்ளைக்குப் பரீட்சை என்று எல்லாம் அதில் வரும். அடுப்பில் கறி பொங்கி வழிந்தாலும் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் புறப்படும்போது அவருடைய பழைய காலுறையைக் கழற்றினேன். ஒட்டிக்கொண்டு வந்தது. சுண்டுவிரலுக்குக் கீழே கொப்புளம் உடைந்து நீர் வடிந்தது.

"ஐயோ, வலிக்கலையா உங்களுக்கு?"

"என்ன வலி? ஒண்ணுமே தெரியலையே" என்றார். பேசும்போதும் கண் திரையில்தான் இருந்தது.

வலி தெரியவில்லை என்ற அந்த ஒரு வார்த்தைக்கே நான் பயந்திருக்க வேண்டும். பயப்படாமல் படம் எடுத்தேன். "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதிக் குழுவில் போட்டேன்.

கிளினிக்குக்கு ஏன் போகவில்லை என்று இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத்தான் இது புரியும். எங்களுக்கு எது வந்தாலும் முதலில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் ஐயாவிடம் காட்ட வேண்டும். அவர் பார்த்துவிட்டு, "பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏத்து" என்றால் ஏற்றுவோம். ஒன்றும் சொல்லாவிட்டால் மஞ்சள் மருந்தைத் தடவிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போய்விடுவோம். அந்த ஐயா இப்போது கோல சிலாங்கூரில் மகன் வீட்டில் இருக்கிறார். அவரும் எங்கள் குழுவில் உண்டு.

படத்தின் கீழே கூப்பிய கைகள் வரிசையாக வந்தன. நான் ஐயாவுடையதற்காகத்தான் காத்திருந்தேன். வந்தது. கூப்பிய கை ஒன்று, அவ்வளவுதான். அப்பாடா என்று இருந்தது எனக்கு. ஐயா பார்த்துவிட்டார், ஏத்து என்று சொல்லவில்லை, அப்படியானால் பெரிதாக ஒன்றுமில்லை. என் மண்டையில் இருந்தது களிமண்தான்!

அதன்பின் தினமும் காலையில் கட்டைப் பிரித்து ஒரு படம் எடுப்பேன். யாரோ மஞ்சள் போடச் சொன்னார்கள், போட்டேன். யாரோ பப்பாளி இலை என்றார்கள், அதையும் அரைத்து வைத்தேன். அவர் அந்தக் கட்டோடு பூட்ஸ் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். ஒன்பதாம் நாள் விரல் கறுத்திருந்தது. "ஐயா, கொஞ்சம் கறுத்தமாதிரி இருக்கு" என்று எழுதினேன். மறுபடியும் கூப்பிய கை வந்தது.

பதினோராம் நாள் நாற்காலியிலேயே குளிர்க் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தவரை உடன் வேலை செய்தவர் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் போய்ச் சேர்ந்தபோது வார்டு முழுக்க அழுகல் நாற்றம்.

டாக்டர் தமிழ்ப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும். "எப்பலேர்ந்து இப்படி இருக்கு, ஆன்ட்டி?" என்று கேட்டாள். ஹேண்போனை நீட்டினேன். ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"மூணாவது நாள் வந்திருந்தாகூட விரலோட போயிருக்கும், ஆன்ட்டி" என்றாள்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத்தான் டிரஸ்ஸர் ஐயாவை அழைத்தேன். அத்தனை நாளில் நான் அவரை அழைத்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

"யாரும்மா பேசறது?" என்றார். சொன்னேன். காலை எடுத்ததையும் சொன்னேன்.

"எனக்குக் கண்ணு போயி ரெண்டு வருசமாச்சேம்மா. படமெல்லாம் ஒண்ணும் தெரியாது. யாருக்கோ முடியலன்னு மருமக சொல்லும், நான் ஜெபம் பண்ணுவேன். அந்தக் கைய அதுதான் அமுக்கி விடும்."

பிறகு அவரே, "காயம் எப்படிம்மா இருந்துச்சு? வலி இருக்குன்னானா?" என்று கேட்டார்.

"வலியே தெரியலன்னாருங்கய்யா."

"அடக் கடவுளே! அத ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருந்தா அன்னைக்கே ஏத்தச் சொல்லியிருப்பேனேம்மா."

திட்டுவதற்கு எனக்கு யாரும் இல்லாமல் போய்விட்டார்கள். கழிவறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு என் தலையில் நானே அடித்துக்கொண்டு அழுதேன்.

ஜாகா வேலை போய்விட்டது. இப்போது அவர் நாள் முழுக்க வீட்டில், அதே ஹேண்போனோடு. பிடுங்கி எறியத்தான் தோன்றுகிறது. எறிந்தால் அந்த மனுஷனுக்கு வேறு என்ன இருக்கிறது? குழுவில் இன்னமும் கை கூப்பிக்கொண்டிருக்கிறார்கள். நான் திறப்பதே இல்லை.

மிச்சமிருக்கும் காலைத் தினமும் பார்க்கச் சொல்லி காயத்துக்குக் கட்டுப் போடும் மிஸ்ஸி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். இன்று காலையும் தரையில் உட்கார்ந்து, "கால நீட்டுங்க" என்றேன். ஏதோ வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. கண்ணைத் திருப்பாமல் நீட்டினார். நீட்டியது அந்த மொட்டைக் காலை.