மூக்கன்கள் இறங்கிய சேறு

எனக்குத் தொழில் கல்யாணப் படம் எடுப்பது. சின்ன காஞ்சிபுரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பறவைகளைத் தேடிப் போகிறவளாக நான் மாறியதும் ஒரு கல்யாண வேலையில்தான்.

பாலாறு கடலில் கலக்கும் இடத்துக்குக் கொஞ்சம் வடக்கே, கடல் தண்ணீர் ஏறி இறங்கும் கழிவெளியை ஒட்டி ஒரு ரிசார்ட். பெண்ணையும் மாப்பிள்ளையையும் விடிகிற வெளிச்சத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்குப் பின்னால் சேறு முழுக்க ஏதோ நகர்ந்தது. பெரிய லென்ஸை அந்தப் பக்கம் திருப்பினேன். கோழிக்குஞ்சு அளவுப் பறவைகள் சேற்றைக் கொத்திக்கொண்டே ஓடின. அவற்றுக்கு நடுவே நீளக்காலில் நின்ற சில, நேரான அலகைக் கண் வரைக்கும் சேற்றுக்குள் இறக்கி எடுத்தன. எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது.

"இன்னாம்மா, பொண்ண வுட்டுட்டு கொக்கப் புடிச்சிக்கினு இருக்கற?" என்று பெண்ணின் அம்மா சத்தம் போட்ட பிறகுதான் திரும்பினேன்.

அந்தப் படங்களை வைத்துப் பெயர்களைத் தேடித் தெரிந்துகொண்டேன். சின்னவை கொசு உள்ளான். நீள அலகுக்காரன் கருவால் மூக்கன். வடக்கே பனி நாடுகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, குளிருக்கு நம் பக்கம் வருகிறவை. பங்குனி, சித்திரையில் திரும்பிப் போகும். அதற்கு முன் பகல் முழுக்கத் தின்று உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொண்டால்தான் அத்தனை தூரம் பறக்க முடியும்.

அடுத்த வருஷம் அதே ரிசார்ட்டுக்கு வேறொரு கல்யாணத்துக்காகப் போனேன். சேறு இருந்த இடத்தில் கிராவல் கொட்டிக் கார் நிறுத்தியிருந்தார்கள். ஒரு சிறு கூட்டம் அந்தக் கார்களுக்கு மேலே வந்தது, சுற்றியது, மறுபடி சுற்றியது, பிறகு தெற்கே போனது. அன்று நான் எடுத்த படங்களில் பாதி தெளிவில்லை.

அதனால்தான் தென்னேரியில் அதே பறவைகளைக் கண்டபோது சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகமாக வந்தது. தென்னேரி என் அண்ணன் இருக்கும் ஊர். எங்கள் அப்பா அங்கே மற்றவர்கள் நிலத்தில் கூலிக்குப் போனவர். அண்ணன் டிராக்டர் ஓட்டிச் சேர்த்து, ஏரிப் பாசனத்தில் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கினார். தை பிறந்து ஏரித் தண்ணீர் வற்றத் தொடங்கினால், கரைக்கு எதிரே மேட்டுப்பக்கம் முழுக்கச் சேறு தெரியும். மூக்கன்கள் அங்கேதான் இறங்கின.

அந்த மாசியில் ஏரியைத் தூர் வார அனுமதி வந்தது. ஊரே எத்தனையோ வருஷமாகக் கேட்டது அது. அண்ணன் மனு கொடுத்து அலைந்தவர்களில் ஒருவர். ஆனால் காண்டிராக்டர் வேலையை மேட்டுப்பக்கத்தில் ஆரம்பிப்பதாகச் சொன்னார். அங்கே தூரே கிடையாது. லாரி சுலபமாக வந்துபோகும், மண் செங்கல் சூளைக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

பள்ளிக்கூட வராந்தாவில் கூட்டம் போட்டார்கள். நானும் போய் எழுந்து நின்றேன்.

"சித்திர வரைக்கும் பொறுங்க. தண்ணி இன்னும் எறங்கட்டும். அப்பறம் மதகாண்ட வாருங்க, அங்கதான் தூரு இருக்குது. மேட்டுப்பக்கத்துல குருவிங்க மேயுதுங்க. அதுங்க போறவரைக்கும் மிஷின் எறக்க வேணாம்."

"குருவிக்கா ஏரி வெட்டனாங்க?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார். "ஊரு முன்னாடி என்ன தல குனிய வெச்சிட்டியே. போன போகத்துல கதிரு வர்ற நேரத்துல தண்ணியில்லாம பயிரு கருகுச்சே, அப்ப எந்தக் குருவி வந்து கேட்டுச்சி?"

"நான் வாரவே கூடாதுன்னா சொன்னேன்? எடத்த மாத்துன்னுதானே சொல்றேன்."

"எடத்த மாத்தச் சொன்னா அவன் வண்டிய ஏத்திக்கினு போயிடுவான். திரும்ப எவன் வருவான்? நீ படம் புடிச்சிட்டு பஸ் ஏறிடுவ பாப்பா. நாங்க இங்கயேதான் இருக்கணும்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அதிகாரிகளிடமும் போனேன். பார்க்கிறோம் என்றார்கள்.

பங்குனியில் ஒரு காலை அண்ணி போன் செய்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார். "பாப்பா, பொக்லைன் மேட்டுப்பக்கம் எறங்கிக்கினு இருக்குது. நான் சொன்னேன்னு உங்க அண்ணங்கிட்ட சொல்லிடாத."

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வாலாஜாபாத் வழியாகப் பறந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது காய்ந்த மேட்டில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. இரண்டு டிப்பர் லாரிகள் நின்றன. இயந்திரம் தண்ணீர் ஓரத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஓரத்தில் மிஞ்சியிருந்த சேற்றில் பறவைகள் நெருக்கியடித்து நின்றன. வாளி மண்ணில் மோதும்போதெல்லாம் மொத்தக் கூட்டமும் எழும்பி, இறங்கி, ஒரு வாய் கொத்துவதற்குள் மறுபடி எழும்பியது.

நான் யோசிக்கவில்லை. கேமராப் பையோடு இறங்கிப் போய் இயந்திரத்துக்கும் அவற்றுக்கும் நடுவில் நின்றுகொண்டேன். கணுக்கால் புதைந்தது.

"அக்கா, தள்ளுக்கா! பக்கெட் சுத்துறது தெரியல?" என்று ஆபரேட்டர் கத்தினார். இருபது வயதுக்கு மேல் இருக்கலாம், மெலிந்த ஆள்.

"சுத்தட்டும். நான் போவ மாட்டேன்."

காண்டிராக்டரின் ஆள் மேட்டில் நின்று திட்டினார். ஆர்டர் இருக்கிறது, போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். வாளி என் தலைக்கு மேலே வந்து நின்றது. அதிலிருந்து சேற்றுத் தண்ணீர் என் தோளில் சொட்டியது. ஓடிவிடலாம் என்றுகூடத் தோன்றியது, ஆனால் கால் வரவில்லை.

யார் சொன்னார்களோ, அண்ணனின் பைக் மேட்டில் வந்து நின்றது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி வந்தார். என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வா மேல."

"வர மாட்டேன்."

"மானத்த வாங்காத, வா!"

நாங்கள் இழுத்துக்கொண்டிருந்தபோதே ஆபரேட்டருக்குப் பொறுமை போய்விட்டது. எங்களைச் சுற்றிக்கொண்டு போக, இயந்திரத்தைத் தண்ணீர்ப் பக்கமாகத் திருப்பினார். மேலே காய்ந்து வெடித்திருந்த மண் அது. அடியில் எல்லாம் குழம்பு. ஒரு பக்கத்துச் சங்கிலிச் சக்கரம் சட்டென்று உள்ளே போனது. இயந்திரம் சாய்ந்தது. எஞ்சின் அலறியது. அவர் மேலே எடுக்கப் பார்க்க, அது இன்னும் புதைந்தது. கதவு இருந்த பக்கம் சேற்றில் அழுந்திவிட்டது. பறவைகள் ஒன்றுவிடாமல் கிளம்பிப் போயின.

அண்ணன் என் கையை விட்டுவிட்டு ஓடினார். "எஞ்சின நிறுத்துறா! நிறுத்து!" என்று கத்திக்கொண்டே உயர்ந்து நின்ற பக்கம் ஏறினார். உள்ளே சேறு வழிந்துகொண்டிருந்தது. ஆபரேட்டரின் ஒரு கால் சீட்டுக்கு அடியில் மாட்டியிருந்தது. நான் பையை வீசிவிட்டு லாரிக்கு ஓடினேன். டிரைவரும் நானும் தார்ப்பாயை இழுத்து வந்து சேற்றின் மேல் விரித்தோம். அதன் மேல் தவழ்ந்து போய் வீல் ஸ்பேனரை அண்ணனிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியை அடித்து உடைத்தார், உள்ளே பாதி உடம்பை விட்டார்.

"கால நெளிச்சி எடு. அவசரப்படாத. நான் புடிச்சிக்கினு இருக்கறேன், இல்ல?"

வெளியே வந்தபோது அந்த ஆளுக்கு முட்டிக்குக் கீழே தோல் கிழிந்திருந்தது. தார்ப்பாயில் உட்கார்ந்து அழுதார். "அம்மாகிட்ட யாரும் சொல்லிடாதீங்க" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். என் துப்பட்டாவால் காலைக் கட்டினேன். லாரியிலேயே ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பினோம்.

அண்ணன் கையெல்லாம் கண்ணாடி கீறி ரத்தம். என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார். "அவன் செத்திருந்தா?"

நான் தார்ப்பாயை மடித்தேன்.

இயந்திரத்தை வெளியே எடுக்க இன்னும் இரண்டு இயந்திரங்கள் வர வேண்டியிருந்தது. தரை காயட்டும் என்று சொல்லிக் காண்டிராக்டர் எல்லாவற்றையும் வேறு ஏரிக்குக் கொண்டுபோய்விட்டார். பறவைகளுக்காக அல்ல. ஆனாலும் அவை திரும்பி வந்தன. வேலையில்லாத நாட்களில் நான் போய்க் கரையில் உட்காருவேன். அண்ணன் அந்த வழியாகத்தான் வயலுக்குப் போவார். பைக் என்னைத் தாண்டிப் போகும், வேகம் குறையாது. காண்டிராக்டர் திரும்பி வரவே மாட்டார் என்றும் அதற்கு நான்தான் காரணம் என்றும் ஊரில் பேசிக்கொண்டார்கள். அப்படி நடந்துவிட்டால் அண்ணன் அந்த ஊரில் எப்படி இருப்பார் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

சித்திரை பிறந்த சில நாளில், பொழுது சாயும் நேரம், மூக்கன்கள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்து நின்றன. ஏதோ குரல் கொடுத்துக்கொண்டன. பிறகு எழும்பி, ஏரியை அகலமாகச் சுற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் உயரம் ஏறி, வடக்கே போயின. நான் படம் எடுக்கவில்லை. கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன்.

வண்டிகள் அதற்குப் பிறகு வந்தன. வருவதற்கு முன்னால் மறுபடி கூட்டம். நான் போகவில்லை. அண்ணி சொல்லித்தான் தெரியும். மேட்டுப்பக்கம் பேச்சு வந்ததும் அண்ணன் எழுந்து, "அங்க மிஷின் எறங்க வேணாம். ஆளு மாட்டிக்கும். நான் கண்ணால பாத்தேன்" என்றாராம். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. மதகுப் பக்கம் ஆழமாக வாரினார்கள். மேட்டுப்பக்கத்திலும் ஒரு ஓரத்தைக் காண்டிராக்டர் சத்தமில்லாமல் வெட்டிக்கொண்டுதான் போனார். மீதி தப்பியது.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியது. அண்ணன் அந்தப் போகம் முழுசாக அறுத்தார். தையில் பறவைகள் தப்பிய பகுதியில் இறங்கின. வெட்டின ஓரம் ஆழமாகத் தண்ணீர் நின்று கிடக்கிறது, அங்கே ஒன்றும் இறங்குவதில்லை.

இப்போது ஏரியில் மீன் பிடிக்க ஏலம் எடுத்தவர், மதகை அடைத்தே வைக்க வேண்டும், தண்ணீரை இறக்கவே கூடாது என்கிறார். தண்ணீர் இறங்காவிட்டால் அண்ணன் நிலத்துக்கும் பாயாது, சேறும் தெரியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டம். நேற்று அண்ணனே போன் செய்தார்.

"நீயும் வா பாப்பா. ஆனா நான் பேசறேன். நீ நடுவுல வாயத் தெறக்காத."

"பறவையப் பத்தி யாரு சொல்லுவா?"

"சரி, அத மட்டும் நீ சொல்லு," என்றார். "சீக்கிரமா சொல்லி முடிச்சிடு."