லேட் மார்க் இல்லாத கல்லூரி

அண்ணா தான் எழுதிய நகைச்சுவை மர்ம நாவலை, மாட்டுங்காவில் எங்கள் ஒற்றை அறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசித்துக் காட்டினான். கேட்க இருந்தது நானும் அம்மாவும். சிரிப்புக் கதை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், சிரிக்க வேண்டிய பாரம் கேட்பவர் தலையில் விழுந்துவிடுகிறது. ஒவ்வொரு வேடிக்கைக்கும் அவன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். இளித்து இளித்து எனக்குத் தாடை வலித்தது.

கதை ஒரு கல்லூரியில் நடக்கிறது. பிரின்சிபாலின் பல் செட் காணாமல் போகிறது. எடுத்தவன் யார் என்று இரண்டாம் அத்தியாயத்திலேயே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

"அந்த மீசைக்காரன்தானேடா?" என்று பட்டாணி உரித்தபடியே கேட்டாள். அண்ணா பக்கத்தைத் திருப்பினான்.

அண்ணா கல்லூரிக்குப் போனதில்லை. அப்பா இறந்ததும் மெட்ரிக்கோடு நிறுத்திக்கொண்டு, டைப்ரைட்டிங் கற்று, ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். அங்கே காலையில் மஸ்டரில், அதாவது வருகைப் பதிவேட்டில், கையெழுத்துப் போட வேண்டும்; நேரம் தாண்டி லேட் மார்க் விழுந்தால் லீவில் கை வைப்பார்கள். காலையில் பல் தேய்க்கும்போதே அவனுக்கு ரயில் கவலை வந்துவிடும். அவன் உழைப்பில்தான் நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் நாவலை மதராஸ் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்புவதாக இருந்தான். அனுப்பலாமா என்று நான்தான் சொல்ல வேண்டும். வீட்டில் கல்லூரியைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

கடைசி அத்தியாயம் வந்தது. துப்பறியும் மாணவன் கல்லூரி மஸ்டரைப் புரட்டுகிறான். தினமும் லேட் மார்க் வாங்கும் மீசைக்காரன், பல் செட் போன அன்று மட்டும் நேரத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறான். அகப்பட்டுக்கொண்டான். மொத்த மர்மமும் அந்த லேட் மார்க்கில் தொங்கிக்கொண்டிருந்தது.

"எப்படிடி இருக்கு? உள்ளதைச் சொல்லு," என்றான்.

நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். பத்திரிகை ஆபீசில் இதைப் படித்துச் சிரிப்பார்களே, அதுவும் கதையைப் பார்த்து அல்ல, அவனைப் பார்த்து என்று தோன்றியது. அதை என்னால் தாங்க முடியவில்லை.

"காலேஜ்ல மஸ்டர் கிடையாதுண்ணா. பேரைக் கூப்பிடுவா, அவ்வளவுதான். லேட் மார்க்கெல்லாம் இல்லை."

அம்மாவின் கை பட்டாணியில் அப்படியே நின்றது. அண்ணா தாள்களை அடுக்கித் தட்டினான். மறுபடி தட்டினான்.

"அப்ப லேட்டா வரவனை என்ன பண்ணுவா?"

"சில பேர் முறைப்பா. உள்ள போய் உட்காந்துக்க வேண்டியதுதான்."

"சும்மா போய் உட்காந்துக்கலாமா?"

"ம்."

"நீ அப்படிப் போயிருக்கியா?"

"போயிருக்கேன்."

கோபிப்பான் என்று நினைத்தேன். வாய்விட்டுச் சிரித்தான். அந்த நாவலால் எங்கள் வீட்டில் எழுந்த ஒரே சிரிப்பு அதுதான்.

"கேட்டியாம்மா, லேட்டாப் போனா சும்மா உள்ள போய் உட்காந்துக்கலாமாம்."

அம்மா சிரிக்கவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை நாவல் அலமாரியிலேயே கிடந்தது. அண்ணா சாப்பாட்டு டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு, எப்போதும்போல ஸ்டேஷனுக்கு ஓடினான்.