இரண்டு குழிகளும் ஒரு கோழியும்

ஹைட்ராலிக்ஸ் பாடத்தில் தடுமாறும் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குப் போட்டுக் காட்டுவது இப்போது என் வேலை. முதல் வகுப்பில் நான் பலகையில் வரைகிற படம் எப்போதும் ஒன்றுதான். இடது ஓரத்தில் உயரமாக ஒரு தண்ணீர்த் தொட்டி. அதிலிருந்து வலது ஓரம்வரை ஒரு நீளக் குழாய். குழாயின் கடைசியில் அடுத்தடுத்து இரண்டு குழிகள்; ஒன்று கொஞ்சம் கூடுதல் ஆழம். இரண்டுக்கும் நடுவில் விட்ட மண் வரப்பின்மேல் ஒரு கோழி.

"மேடம், கோழிக்கு எத்தனை மார்க்?" என்று யாராவது கேட்பார்கள்.

கோழி இல்லாமல் இந்தக் கணக்கு எனக்கு வராது என்பேன். வகுப்பு சிரிக்கும். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அந்தத் தொட்டி ஆமத்தூர்ப் பக்கம் எங்கள் தெருவின் தொடக்கத்தில் நின்றது. எங்கள் வீடு தெருவின் கடைசி. ஒட்டினாற்போல் அத்தை வீடு, அதாவது அப்பாவின் அக்கா வீடு. குழாயில் தண்ணீர் எந்த நாள் வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் "தண்ணி வந்துருச்சு!" என்று தெருவே கத்தும். எல்லா வீட்டையும் கடந்து எங்களிடம் வருவதற்குள் தண்ணீருக்கு மூச்சு வாங்கிவிடும்; குழாய் வாய் வரை ஏறக்கூடத் தெம்பிருக்காது. அதனால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்கிறதையே நாங்களும் செய்தோம். வாசலில் குழி வெட்டி, குழாயை மண்ணுக்குக் கீழே அறுத்துவிட்டு, குடத்தைக் குழிக்குள் இறக்கி வைத்துப் பிடித்தோம். வாய் எவ்வளவு தாழ்வோ, தண்ணீர் அவ்வளவு வேகம்.

சிக்கல் என்னவென்றால், அத்தை வீட்டுக் குழியும் எங்கள் குழியும் ஒரே வரப்பின் இரண்டு பக்கம். ஒரு பக்கம் ஒரு சாண் ஆழமானால் மறுபக்கம் நூல் மாதிரிதான் ஒழுகும். போதாக்குறைக்கு அம்மாவும் அத்தையும் பேச்சுவார்த்தையில் இல்லை. அத்தை வீட்டுச் சடங்குப் பந்தியில் அம்மா இலைக்கு மட்டும் அப்பளம் வரவில்லை. வேண்டுமென்றே வைக்கவில்லை என்பது அம்மாவின் கட்சி. அத்தையின் கட்சி என்னவென்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை.

ஆண்களுக்கு இந்தச் சண்டையில் பங்கே கிடையாது. அப்பாவும் மாமாவும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார்கள், ஒரே வேனில் போய் ஒரே வேனில் வந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து இருந்தது ஒரே ஒரு கடப்பாரை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா போய் நிற்பார்.

"மச்சான், கடப்பாரையக் குடுங்க."

"எதுக்கு மாப்ள?"

"உங்க குழியவிட ஆழமா வெட்டணுமாம். உத்தரவு."

"வெட்டு, வெட்டு. அடுத்த ஞாயித்துக்கெழம எங்க உத்தரவு வரும், திருப்பிக் குடுத்துரு."

கொடுத்துவிட்டு மாமாவும் கூடவே வருவார். வரப்பில் உட்கார்ந்து, "அங்கன கல்லு கெடக்கு, பாத்துப் போடு" என்று தனக்கு எதிரான குழிக்குத் தானே யோசனை சொல்வார். அடுத்த வாரம் அப்பா அதே இடத்தில் உட்கார்ந்து அதே யோசனையைத் திருப்பிச் சொல்வார்.

குழி ஆழமாக ஆக, எனக்குப் பதவி உயர்ந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளையான நான்தான் அதற்குள் அடங்கினேன். மண்ணில் வெட்டிய படியில் இறங்கி, குடத்தின் வாயைக் குழாய்க்கு நேராகப் பிடிக்க வேண்டும். நிறைந்ததும் குரல் கொடுத்தால் அம்மா குனிந்து தூக்குவாள். குழிக்குள் நின்றால் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். ஊரையே நான்தான் தாங்கிப் பிடித்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வருஷம் தீபாவளி சீசன் நெருங்கியபோது அம்மாவுக்குத் தம்பி வயிற்றில். மாதம் ஏறிவிட்டது; பளு தூக்கவே கூடாது என்று நர்சம்மா கண்டித்திருந்தார். ஆனால் சீசனில் அப்பா இருட்டின பிறகுதான் வீடு திரும்புவார். தண்ணீரோ பகலில்தான் வந்தது. அம்மா ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குடத்தை இழுப்பாள். நிறைகுடம் மேலே போகும்போதெல்லாம் அவள் பல்லைக் கடிப்பது கீழே எனக்குக் கேட்கும்.

பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றியபடி அத்தை தன் வாசலில் இருந்து பார்ப்பாள். நேராகப் பேச முடியாதே. வரப்பில் மேயும் கோழியிடம் பேசுவாள்.

"ஏ கோழி, மாசம் ஏறுன வயித்த வச்சுக்கிட்டுக் குடந்தூக்குற கூத்த எங்கயாச்சும் பாத்துருக்கியா?"

அம்மா குடத்திடம் பதில் சொல்வாள். "ஏ குடம், பந்தியில அப்பளம் வைக்காதவுகளுக்கு நம்ம வயித்து மேல என்ன அம்புட்டு அக்கறை?"

குடத்திடம் பேசினாலும் நாத்தனாருக்கான மரியாதையை அம்மா குறைத்ததில்லை. ஒருமுறை அத்தை மாமாவிடம் ஒரு குடம் தண்ணீர் கொடுத்தனுப்பினாள். அம்மா வாங்கி, மாமா பார்க்கப் பார்க்க முருங்கைக் கன்றுக்கு ஊற்றினாள். "கன்னு நல்லா வளரும்" என்று சொல்லிவிட்டு மாமா வெறுங்குடத்தோடு திரும்பினார்.

ஒரு சனிக்கிழமை காலை. முந்தின இரவு லேசான தூறல். தெருவின் அந்தக் கோடியில் "தண்ணி வந்துருச்சு!" சத்தம் கேட்டதும் குடத்தோடு ஓடினேன். என் குழியைக் காணோம்! நடு வரப்பு அப்படியே இடிந்து எங்கள் குழியை நிரப்பியிருந்தது. எங்கள் குழாய் எங்கே புதைந்தது என்றே தெரியவில்லை. அத்தை வீட்டுக் குழி மட்டும் பெருக்கித் துடைத்ததுபோல இருந்தது. அதில் தண்ணீர் சலசலவென்று கொட்டிக்கொண்டிருந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அத்தை நின்றாள்.

"பாத்தியா கோழி, ராத்திரித் தூறல்ல மண்ணு இடிஞ்சு போச்சு. கரிசமண்ண நம்ப முடியுதா?"

அம்மா வாசற்படியில் வந்து நின்றாள்.

"குடத்தக் குடு" என்றாள் அத்தை என்னிடம்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா வானத்தைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லையே என்று கொடுத்துவிட்டேன்.

அத்தை தன் குடங்களைத் தொடவே இல்லை. எங்கள் குடங்களைப் பிடித்துத் தூக்கி, எங்கள் அடுப்படிவரை கொண்டுபோய் வைத்தாள். குடங்கள் தீர்ந்ததும் அண்டா, அண்டா தீர்ந்ததும் இட்லிக் கொப்பரை. கடைசியில் அம்மாவால் பொறுக்க முடியவில்லை.

"மதினி, தண்ணி நின்னுரப் போகுது. உங்க குடத்தப் பிடிங்க."

"நீ பேசாம உக்காரு. மொதல்ல புள்ளையப் பெத்துக்க, பொறவு சண்ட போடலாம்."

"அன்னைக்கு அப்பளம் வைக்காதவுக இன்னைக்குத் தண்ணி ஊத்துறீகளாக்கும்."

அத்தை குடத்தை டம்மென்று இறக்கினாள். "அப்பளம் தீந்து போச்சுடி! சத்தியமாத் தீந்து போச்சு! எனக்கே கெடைக்கல!"

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அத்தையும் சிரித்தாள். அவர்கள் ஏன் அப்படிச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் நான் அழுதேன். குழி போயிற்று, என் பதவி போயிற்று என்ற துக்கம் எனக்கு.

ராத்திரி வேனை விட்டிறங்கிய மாமா இடிந்த வரப்பையும், ஒரே வாசலில் உட்கார்ந்திருந்த அம்மாவையும் அத்தையையும் பார்த்தார். "அப்ப இம்புட்டு நாளும் நாம வெட்டுனது எதுக்கு மாப்ள?" என்றார். மறுநாள் இருவருமாக வெட்டி ஒரே குழியாக்கினார்கள். இரண்டு குழாய்களும் ஒரே மட்டத்தில் நின்றன. இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் சமமாக விழுந்தது. தம்பி சுகமாகப் பிறந்தான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். சிவில் எடுத்தேன். ஒரே குழாயில் இரண்டு கிளை, ஒன்று தாழ்வு, ஒன்று உயரம், எதில் எவ்வளவு தண்ணீர் என்ற கணக்கைப் பேராசிரியர் எழுதி முடிக்கும் முன்பே கை தூக்கினேன். வகுப்பு திரும்பிப் பார்த்தது. அந்தக் கணக்குக்குள் நான் நின்றிருக்கிறேன் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மண்ணைப் பற்றிய பாடம் அதற்கடுத்து வந்தது. இரண்டு பள்ளங்களுக்கு நடுவிலுள்ள மண் நனைந்து சரிந்தால், எந்தப் பள்ளம் ஆழமோ அந்தப் பக்கமே சரியும் என்று படம் போட்டார்கள். எழுதிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. அந்த வாரம் ஆழமான குழி அத்தையுடையது. மண் முழுவதும் விழுந்ததோ எங்கள் குழியில். அத்தை வீட்டுச் சுவரில் நுனியெல்லாம் ஈரக் கரிசலோடு கடப்பாரை சாய்ந்து நின்றதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்று அதைப் பார்த்தேன்தான். மறுநாள் எங்கள் முறைக்காக மாமா எடுத்து வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீர் தாழ்ந்த பக்கம் போகும் என்பது மட்டும் குழிக்குள் நின்ற பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. தண்ணீரைக் கொடுத்தால் அம்மா வாங்கமாட்டாள் என்று தெரிந்த ஒருத்தி, விடியுமுன் எழுந்து மண்ணை எதிர்ப்பக்கம் தள்ளியிருப்பாள் என்று அதற்கு எப்படித் தோன்றும்?

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அத்தையிடமே கேட்டேன். "அத்த, அன்னைக்கு மண்ணு எப்படி எங்க பக்கம் விழுந்துச்சு?"

பழைய கோழி எந்தக் காலத்திலோ குழம்பாகிவிட்டது. வாசலில் வேறொன்று மேய்ந்துகொண்டிருந்தது. காகிதம் சுற்றும் கையை நிறுத்தாமல் அத்தை அதன் பக்கம் திரும்பினாள்.

"ஏ கோழி, எம் மருமக இஞ்சினியருக்கே படிச்சிருக்கா. தூறல்ல மண்ணு இடியும்னு தெரியல பாரு."