சானலில் மிதந்து வந்த கவர்கள்

பக்கத்து வீட்டுக்காரியை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்க, இருபது நாள் குப்பை சேர்த்தவள் நான். அந்த இருபது நாளும் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது என்பதையும் மறைக்கப் போவதில்லை.

சுனாமிக்கு ஏழெட்டு வருஷம் கழித்து நடந்தது இது. புதுக்கடை என்ற ஊருக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் சானல் என்கிற பாசன வாய்க்கால். அணைத் தண்ணீர் திறந்துவிடும் மாதங்களில் அதில்தான் துணி துவைப்போம். தண்ணீர் அவள் வீட்டைத் தாண்டித்தான் எங்களிடம் வரும். கணவர் பைக்கில் மார்த்தாண்டத்துக்கு வேலைக்குக் கிளம்பியதும் நான் துணியோடு இறங்குவேன். கொஞ்ச நேரத்தில் முடிச்சுப் போட்ட வெள்ளைக் கவர் ஒன்று மிதந்து வந்து என் துவைகல்லில் முட்டும். ஒருநாள் அது கிழிந்து மகளின் பள்ளிச் சீருடை முழுக்க நாறிப்போனது. கேட்கப் போனேன். தன் வீட்டில் ஒரு துண்டு பிளாஸ்டிக் வெளியே போகாது என்று சொல்லிவிட்டு, அவள் பாட்டுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அந்த அலட்சியத்தை என்னால் பொறுக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் மீன் கழிவும் காய்த்தோலும் தென்னை மூட்டுக்கு உரமாகப் போகும். மிச்சத்தைக் கவரில் கட்டிக் கணவரின் பைக்கில் மாட்டிவிடுவேன். ஜங்ஷன் குப்பைத்தொட்டியில் போட்டுவிடுவார். அதனால் சுத்தத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இருப்பதாக நினைத்திருந்தேன்.

வந்த கவர்களையெல்லாம் பிரித்துப் பார்க்காமல் ஒரு சாக்கில் சேர்த்தேன். அவள் மகளுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வீடு காண வரும் நாளுக்காகக் காத்திருந்தேன். இரண்டு வேன்கள் வந்து நின்றன. பட்டுச்சேலைகள் இறங்கின. சாக்கை இழுத்துக்கொண்டு போய் அவள் வாசலில் தலைகீழாகக் கவிழ்த்தேன்.

"இதையும் பாத்துட்டு பெண்ணெடுங்க" என்றேன்.

கவர்கள் வெடித்துச் சிதறின. மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லோரும் விலகினார்கள். கல்யாணப்பெண் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பார்க்க எனக்கு இனித்தது. பக்கத்து வீட்டுக்காரி மட்டும் பதறாமல் வந்து குனிந்து, பிளாஸ்டிக் ஒட்டிய பழைய பள்ளி அடையாள அட்டை ஒன்றை எடுத்து முந்தானையால் துடைத்தாள். நானே அதற்கு முந்தின வாரம் அலமாரியைச் சுத்தம் செய்து தூக்கிப் போட்டது. ரெட்டைச் சடையோடு அதில் என் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது ஒனக்க மவளுக்க படம் இல்லியா மக்கா?"

குரலைக்கூட உயர்த்தவில்லை அவள். அதற்குப் பதிலாக என்னை அடித்திருக்கலாம். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நிற்க, கொட்டிய ஒவ்வொன்றையும் என் கையாலேயே பொறுக்கிச் சாக்கில் போட்டேன். எல்லாம் என் வீட்டு மீன் வாங்கிய கவர், எண்ணெய்க் கவர், என் வீட்டு ஷாம்பு பாக்கெட். எனக்கு உதவ ஒருவரும் குனியவில்லை.

சாயங்காலம் கணவர் வந்ததும் சாக்கை அவர் காலடியில் எறிந்தேன். தொட்டி நிறைந்து வழிகிறதாம், நாய் இழுக்கிறதாம், அதனால் அவள் வீட்டுக்கு மேலே, தண்ணீர் வரும் பக்கம் உள்ள பாலத்திலிருந்து தினமும் சானலில் வீசியிருக்கிறார். வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஷூவைக் கழற்றியபடியே அவர் கேட்டார்:

"கெட்டித் தந்தது நீதானே? எங்க கொண்டு போடுதேன்னு ஒரு நாளாவது கேட்டியா?"

அந்தக் கேள்விக்காக அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. கல்யாணம் நல்லபடியாக நடந்தது. எங்களுக்கு அழைப்பு வரவில்லை. இப்போது ஒவ்வொரு கவரையும் நானே கழுவிக் கொடியில் காயப்போட்டு, பழைய சாமான் எடுப்பவரிடம் நானே கொடுக்கிறேன். அந்தக் கொடி அவள் அடுக்களை ஜன்னலுக்கு நேராக இருக்கிறது. அவள் தினமும் பார்க்கிறாள், பார்த்துவிட்டு அவள் பாட்டுக்குத் தேங்காய் துருவுகிறாள்.