அண்ணியின் தேத்தண்ணியும் அரைத் தேசிக்காயும்

உயிரியல் படிக்க வரும் பிள்ளைகள் முதல் நாள் என்னிடம் கேட்பது எப்போதும் ஒன்றைத்தான். "டீச்சர், நாங்க பயோ தானே? எங்களுக்கு எதுக்கு இந்த அணு, இலத்திரன் எல்லாம்?" ஹட்டன் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் என் வகுப்பு நடக்கிறது. பையிலிருந்து ஒரு போத்தல் பாலில்லாத பிளேன்டீயையும் அரைத் தேசிக்காயையும் எடுத்து மேசையில் வைப்பேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். இவ என்னமோ பண்ணப் போறா என்கிற அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கும். நானும் பெரிய சந்தேகப் பேர்வழிதான். பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் பிஸ்கட் நீட்டினால்கூட, பக்கற்றில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன்.

அந்தத் தேசிக்காயின், அந்த அரை எலுமிச்சையின், கதையைப் பிள்ளைகளுக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை.

நான் உயர்தர வகுப்பில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வட்டகொடைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம், வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீடு எங்களுடையது. அம்மா கொழுந்து எடுக்கப் போவார். அப்பா இல்லை. அண்ணன் கொழும்பில் ஹார்ட்வெயார் கடையில் வேலை. அவர் ஒருநாள் திடீரென்று ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து, "ரெஜிஸ்டர் பண்ணிட்டோம்மா" என்றார். அண்ணி இறம்பொடைப் பக்கத்து ஆள், கொழும்பில் துணிக்கடையில் நின்றவர். கொழும்பில் அறை ஒன்று கிடைக்கும்வரை அண்ணி எங்களோடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, அண்ணன் மறுநாளே பஸ் ஏறிவிட்டார்.

அம்மாவுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. என்ன தெரிந்தது என்றால், தன் மகனுக்கு அவள் மருந்து வைத்துவிட்டாள் என்று. எங்கள் பக்கத்தில் மருந்து வைப்பது என்றால் சாப்பாட்டில் எதையாவது கலந்து கொடுத்து ஒருவரைத் தன் கைக்குள் போட்டுக்கொள்வது. "இல்லாட்டி என்னைய கேக்காம எம் மவன் ஒரு காரியம் செய்வானா?" என்று மலைத்தண்ணீர் விழும் பீலியடியில் குடம் பிடிக்கும்போது எல்லோரிடமும் சொல்லிவிட்டார். எனக்கு அந்தக் கதையில் நம்பிக்கை இல்லை. ஆனால் அண்ணி மீதும் நம்பிக்கை இல்லை. எது கேட்டாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டும் ஆட்களை நான் என்றைக்குமே நம்பியதில்லை.

விடியற்காலையில் அண்ணிதான் முதலில் எழும்புவார். தண்ணீர் கொண்டுவந்து, அடுப்பு மூட்டி, அம்மா வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் தேத்தண்ணி ஊற்றி வைப்பார். முதல் வாரம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டாவது வாரத்தில் ஒருநாள் அம்மா கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"என்னா இது? மை மாதிரி இருக்கு."

"அதே தூளுதாங்க அத்த. சாயம் கூடிருச்சோ என்னமோ" என்றார் அண்ணி, சிரித்துக்கொண்டே.

மறுநாள் தூளைக் குறைத்துப் போட்டார். அப்படியும் கறுப்புத்தான். தேத்தண்ணிக்கு உள்ள அந்தச் சிவப்பு இல்லை. குடித்தால் நாக்கில் சவர்க்காரம் பட்டதுபோல வழுவழுப்பு. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு வாசல் திண்ணையான இஸ்தோப்பிலிருந்து வெளியே துப்பினார். "மவனுக்கு வச்சு முடிஞ்சிருச்சு, இப்ப எனக்கு வைக்கிறா" என்று என் காதில் சொன்னார். நானும் அன்றிலிருந்து குடிக்கவில்லை. அண்ணி மட்டும் மூலையில் உட்கார்ந்து அந்தக் கறுப்புத் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தார். அதை நான் பார்த்தேன். பார்த்தும் அது என் கணக்கில் ஏறவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் என்மீது எனக்கு ஆத்திரம் வருகிறது.

அந்த நேரம் பள்ளிக்கூடத்தில் இரசாயனத்தின் அடிப்படைகளைப் படிப்பித்துக்கொண்டிருந்தார்கள். நீர் மூலக்கூறில் ஒட்சிசனும் ஐதரசனும் இலத்திரனைப் பகிர்ந்துகொள்கின்றன, ஆனால் ஒட்சிசன் அதைத் தன் பக்கமாகவே கூடுதலாக இழுத்து வைத்துக்கொள்ளும் என்றார்கள். எனக்கு, அண்ணனைத் தன் பக்கமே இழுத்து வைக்கப் பார்க்கும் அம்மா ஞாபகம் வந்தார். அதன்பிறகு அமிலமும் காரமும் வந்தன. அமிலம் ஐதரசன் அயனைக் கொடுக்கும், காரம் அதைப் பறித்துக்கொள்ளும், இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று நடுநிலையாக்கும். தேசிக்காய் அமிலம், சவர்க்காரம் காரம். பாடம் அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது. அண்ணி எதையோ கலக்கிறார், அது வழுவழுப்பாக இருக்கிறது, அப்படியானால் காரம், தேசிக்காய் விட்டால் அகப்பட்டுவிடும். அரைகுறைப் படிப்புக்கு இருக்கும் துணிச்சல் முழுப் படிப்புக்கு வராது.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம், அண்ணி உடுப்புக் காயப்போடப் போன நேரத்தில், அவர் ஊற்றி வைத்திருந்த கிளாஸில் அரைத் தேசிக்காயைப் பிழிந்தேன். கறுப்பாக இருந்த தேத்தண்ணி கண்முன்னே வெளுத்தது. கரண்டியால் ஒரு தடவை கலக்குவதற்குள் தேன் நிறம் ஆகிவிட்டது.

"அம்மா, பாத்தியா! இதுல என்னமோ இருக்கு. இல்லாட்டி இப்படி நெறம் மாறுமா?"

அம்மா கிளாஸை வாங்கி முகர்ந்து பார்த்தார். பயோ படிக்கிற மகள் சொல்லிவிட்டாள், அதற்குமேல் என்ன வேண்டும்? அன்று இரவே என் ஃபோனை வாங்கி அண்ணியின் அப்பாவிடம் பேசினார். ஞாயிற்றுக்கிழமை வந்து மகளைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். அண்ணி பக்கத்தில்தான் நின்றார். அழவில்லை. சிரிக்கவும் இல்லை. அதைப் பார்த்துவிட்டு, குற்றம் செய்தவள் என்பதால்தான் பேசாமல் நிற்கிறாள் என்று நான் நினைத்தேன்.

சனிக்கிழமை டியூஷன் முடிந்து தலவாக்கலையில் பஸ்ஸுக்கு நின்றேன். நல்ல குளிர். சளி வேறு. பக்கத்துக் கடையில் தேசிக்காய் விட்டு ஒரு பிளேன்டீ கேட்டேன். கடைக்காரர் என் கண்ணெதிரே தேத்தண்ணியை ஊற்றி, தேசிக்காயைப் பிழிந்தார். அது வெளுத்தது. தேன் நிறம்.

அந்தக் கடைக்காரரா எனக்கு மருந்து வைக்கப் போகிறார்? தேசிக்காய் விட்டால் எந்தத் தேத்தண்ணியும் வெளுக்கும். ஆயிரம் தடவை பார்த்த காட்சி. தேயிலைச் சாயத்தில் உள்ள சில பொருள்கள் தாங்களே வலுக்குறைந்த அமிலங்கள்; ஐதரசன் அயன் கிடைத்தால் வெளுக்கும், பறிபோனால் கறுக்கும். அம்மா ஊற்றும் தேத்தண்ணியிலும் அன்றைக்கே அரைத் தேசிக்காயைப் பிழிந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். கட்டுப்பாட்டுப் பரிசோதனை என்று பாடத்தில் அதற்குப் பெயரும் சொல்லியிருந்தார்கள். நான் பெயரைத்தான் படித்திருந்தேன்.

ஆனால் என் சந்தேகம் அவ்வளவு லேசில் சாகிற ஜாதியா? வெளுத்ததற்குக் காரணம் தெரிந்துவிட்டது, கறுத்ததற்கு என்ன காரணம்? ஆய்வுகூடத்தில் ஆளுக்கு இரண்டு சிவப்புப் பாசிச்சாயத் தாள், லிட்மஸ் தாள், கொடுத்திருந்தார்கள். நான் என்னுடையதைப் பாவிக்காமல் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். காரம் பட்டால் சிவப்புத் தாள் நீலமாகும். வீட்டுக்கு வந்ததும் ஒன்றை எடுத்து அடுப்படி வாளித் தண்ணீரில் நனைத்தேன். நீலமானது. தேயிலையில் இல்லை, தண்ணீரிலேயே இருக்கிறது. சரி, வாளியில்தான் கலக்கிறார் என்று முடிவு கட்டினேன். நாளைக் காலை கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

ஞாயிறு விடியும்போது அண்ணி வாளியோடு கிளம்பினார். நான் பின்னாலேயே போனேன். அவர் பீலிப் பக்கம் திரும்பவில்லை. கோயிலுக்குப் பின்னால் மேட்டில் ஏறினார். அங்கே புதிதாகத் தண்ணீர்த் தாங்கி ஒன்று கட்டி, சீமெந்து இறுகுவதற்காக நிறையத் தண்ணீர் விட்டு வைத்திருந்தார்கள். குழாய்கூட இன்னும் போடவில்லை. அண்ணி குனிந்து அதிலிருந்து வாளியில் மொண்டார். கையில் வேறு ஒன்றும் இல்லை.

நான் கிட்டப் போய் இரண்டாவது தாளைத் தாங்கியில் நனைத்தேன். நீலம். பச்சைச் சீமெந்திலிருந்து சுண்ணாம்பு தண்ணீரில் ஊறியிருக்கிறது. அம்மா வெற்றிலையில் வைக்கும் அதே சுண்ணாம்பு. பாக்கோடு அது சேரும்போது வாய் சிவக்கிற மாதிரி, தேயிலையோடு சேர்ந்து கறுத்திருக்கிறது.

"இந்தத் தண்ணியையா இவ்வளவு நாளும் எடுத்தீங்க? பீலிக்கு ஏன் போகல?" என்று கத்திவிட்டேன்.

அண்ணி வாளியைக் கீழே வைத்தார். "பீலியில நான் கொடத்த வச்சா, மத்தவங்க எல்லாம் அவங்க கொடத்த எடுத்துட்டுத் தள்ளிப் போயிர்றாங்க தங்கச்சி. நான் மருந்து வைக்கிறவளாம். அதான் யாரும் இல்லாத எடமாப் பாத்து வந்தேன்."

பீலியடியில் அந்தக் கதையைக் கட்டிவிட்டது எங்கள் அம்மா. அம்மாவின் சந்தேகம் அண்ணியைத் தாங்கிக்குத் துரத்தியது. தாங்கித் தண்ணீர் தேத்தண்ணியைக் கறுக்க வைத்தது. கறுத்த தேத்தண்ணிக்குச் சாட்சி சொன்னது நான்.

"நீங்க சொல்லியிருக்கலாமே அண்ணி" என்றேன். இப்படிக் கேட்கவும் எனக்கு வாய் வந்தது.

"எந்தத் தண்ணின்னு நீங்க ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க தேத்தண்ணியத்தானே கேட்டீங்க. அன்னைக்கு நீங்க தேசிக்கா புழிஞ்சப்ப நான் கொடிப் பக்கந்தான் நின்னேன்" என்றார்.

நான் ஓடிப்போய் பீலித் தண்ணீர் பிடித்து வந்தேன். பீலித் தண்ணீரில் ஒன்று, தாங்கித் தண்ணீரில் ஒன்று, ஒரே தூள், ஒரே அளவு. அம்மாவின் முன்னால் இரண்டு கிளாஸையும் வைத்தேன். ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. இரண்டிலும் தேசிக்காய் பிழிந்தேன். இரண்டும் வெளுத்தன. "நீ வெத்தலைக்கு வைக்கிறியே, அந்தச் சுண்ணாம்புதாம்மா. அண்ணி ஒண்ணும் வைக்கல." அம்மா, "இந்தச் சுண்ணாம்புத் தண்ணியவா அவ பத்து நாளாக் குடிச்சா? வயிறு வெந்துருக்குமே" என்றார். பிறகு எழுந்து உள்ளே போய், அண்ணியிடம், "பைய பிரிச்சு வை. ஒங்கப்பா வந்தா சாப்பிட்டுட்டுப் போகட்டும்" என்றார்.

அண்ணி பையைப் பிரிக்கவில்லை. ஒன்பது மணி பஸ்ஸில் அவருடைய அப்பா வந்தார். இஸ்தோப்பில் நின்றபடியே, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல், மகளைக் கூட்டிக்கொண்டு போனார். அண்ணி அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போனார். அம்மா அன்று முழுவதும் அழுதார். அடுத்த மாதம் அண்ணன் கொழும்பில் அறை பார்த்து அவரைக் கூட்டிக்கொண்டார். எங்கள் லயத்துக்கு அண்ணி திரும்பி வரவே இல்லை.

நான்தான் கொழும்புக்குப் போனால் அங்கே போவேன். அண்ணி நன்றாகப் பேசுவார், இடியப்பம் அவித்துத் தருவார், சிரிப்பார். தேத்தண்ணி ஊற்றும்போது மட்டும் ஒரே கேத்தலிலிருந்து இரண்டு கிளாஸில் ஊற்றுவார். தன்னுடையதை எடுத்து, நான் பார்க்கும்படி ஒரு வாய் குடிப்பார். அதன்பிறகுதான் மற்றதை என் பக்கம் நகர்த்துவார். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அது மாறியதில்லை. வேண்டாம் அண்ணி என்று சொல்ல ஒவ்வொரு முறையும் வாயெடுக்கிறேன். சொல்ல முடியாமல் குடித்துவிட்டு வருகிறேன்.