பத்துக் கோடும் ஒரே கோடாக

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை பிடித்திருந்த நேரம். கோவில்பட்டியில் வீடு வீடாகப் போய் கொசுப்புழு பார்க்கும் ஒப்பந்த வேலையில் இருந்தேன். இப்போதும் அதே வேலைதான். எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் வருவது நாலைந்து நாளைக்கு ஒருமுறை. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் டிரம், தொட்டி, மாடியில் டேங்க். எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்த்து மருந்து ஊற்ற வேண்டும். நாள் முழுக்க நடை, படி.

எனக்குப் பிறவியிலேயே இடது பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. ஆறு வயதில் ஆபரேஷன் செய்து நேராக்கினார்கள். பாதம் நேரானது, ஆனால் கணுக்கால் மடங்காது. பள்ளியில் வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

அதனால் சின்ன வயதிலேயே ஒரு தந்திரம் பழகிக்கொண்டேன். யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் வேகத்தைக் குறைத்து, வலது காலையும் குட்டி அடியாக வைத்து நடப்பேன். பார்க்கிறவர்களுக்கு ஏதோ அடக்கமான பெண் என்றுதான் தோன்றும். பெண் பார்க்க வந்த அன்று காப்பித் தட்டோடு அப்படித்தான் நடந்தேன். என் வீட்டுக்காரர் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாராம். கல்யாணமாகி இரண்டு வருடம் கழித்துத்தான் சொன்னார்.

அந்த ஐப்பசியில் எங்களுக்குப் புது மேற்பார்வையாளர் வந்தார். ஊர் ஓரத்தில் ஒரு தெருவில் கரிசல் சேறு செருப்பை விடாமல் பிடித்துக்கொள்ள, நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்ததை அவர் பார்த்துவிட்டார். அப்போது என்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து என் சொந்த நடையில் நடந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் காலை எல்லோர் முன்னாலும் கூப்பிட்டார். "மாடிப்படியெல்லாம் ஏறணும்லா? நாளைக்கு விழுந்து கெடந்தீங்கன்னா யாரு பதில் சொல்ல? டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் வர வேண்டாம்."

ஒன்பது வருடமாக ஒரு நாள்கூட நான் விழுந்ததில்லை. அதைச் சொல்லாமலே டார்ச்சை ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

என்னோடு வேலை பார்க்கும் தோழி ஒருத்தி லீவு போட்டுவிட்டு என்னுடன் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். எலும்பு டாக்டர் என்னைப் படுக்க வைத்துப் பாதத்தை அழுத்தினார், திருப்பினார். ஓரத்தில் காய்த்துப்போன இடத்தைத் தொட்டதும் வலியில் காலை இழுத்துக்கொண்டேன். "படுத்திருக்க காலைப் பாத்து நடக்கிறதுக்கு எப்படிம்மா எழுதிக் கொடுப்பேன்?" என்று யோசித்தவர், மாடியில் ஒரு பெண் கால் அசைவை அளந்து ஆராய்ச்சி செய்கிறாள், அவளிடம் போங்கள் என்றார்.

அந்தப் பெண் ஓட்டப்பிடாரம் பக்கம். பிசியோதெரபி மேற்படிப்பு படிக்கிறாள். நீளமான அறை, தரையில் கறுப்பு விரிப்பு, சுற்றிலும் ஸ்டாண்டில் கேமராக்கள். தோழி தன் மகளுடைய அரை டிராயரைக் கொண்டுவந்திருந்தாள். அதை மாட்டிக்கொண்டு நின்றபோதே எனக்கு உயிர் போய்விட்டது. இடுப்பு, முழங்கால், குதிகால், கணுக்காலின் இரண்டு பக்கம், பாதத்தின் நடுவில், பெருவிரல் அடியில் என்று சுண்டைக்காய் அளவு பந்துகளை அந்தப் பெண் ஒட்டினாள். கேமராவுக்கு அந்தப் பந்துகள் மட்டும்தான் தெரியுமாம். கம்ப்யூட்டர் திரையில் முகம் இல்லை, உடம்பு இல்லை, புள்ளிகளாக ஒரு கால் மட்டும் நின்றது.

பத்து முறை நடக்கச் சொன்னாள். நடந்தேன். என் தந்திர நடையில்தான். பரீட்சை மாதிரி கவனமாக, மெதுவாக.

அவள் திரையைப் பார்த்தாள். ஒரு நடைக்கு ஒன்றாகப் பத்துக் கோடுகள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் சிக்கிப்போன நூல் மாதிரி கிடந்தன.

"அக்கா, பத்து தடவையும் பத்து ஆளு நடந்த மாதிரி இருக்கு. நீங்க நடக்கல. நடிக்குதீங்க."

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருடமாக என் வீட்டுக்காரரைத் தவிர யாரும் கண்டுபிடித்துச் சொல்லாததை ஒரு கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்துவிட்டது. கண்ணில் நீர் முட்டிவிட்டது. அழிரப்பர் இருந்தால் அந்தக் கோடுகளை அழித்திருப்பேன்.

தோழிதான் மூலையிலிருந்து சத்தம் போட்டாள். "ஏட்டி, எதுக்கு அழுத? வேலைக்குப் போற மாதிரி நட. அங்கன ஒரு டிரம்மு மூடாம கெடக்குன்னு நெனச்சுக்கோ!"

மூன்று பேரும் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்போடேயே திரும்பி நடந்தேன். வலது கால் 'தொம்' என்று விழ, இடுப்பு ஏறி இறங்க, பள்ளியில் சிரித்தார்களே, அதே நடை. முதல் இரண்டு முறை துணியில்லாமல் நிற்பது போலக் கூசியது. நாலாவது முறைக்கு மேல் மறந்துவிட்டது. பத்து முடிந்து கேமரா நின்றது தெரியாமல் பதினொன்றாவது நடையும் நடந்துவிட்டேன்.

அந்தப் பெண் திரையை என் பக்கம் திருப்பினாள். பத்துக் கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்றாக அப்படியே படிந்து, தடித்த ஒரே கோடு போல இருந்தன.

கீழேயிருந்து டாக்டரைக் கூட்டிவந்தாள். அவருக்குச் சொல்வது போல எனக்கும் சொன்னாள். "கணுக்கால் மடங்கல சார். ஆனா அது செய்ய வேண்டிய வேலையை நடுப்பாதம் எடுத்துச் செய்யுது. கால் தரையில தட்டாம இருக்க இடுப்பு சரியான நேரத்துல தூக்கிக் கொடுக்குது. ஒரு தடவைகூட மாறல." பிறகு என்னிடம், "யாராச்சும் சொல்லிக் குடுத்தாங்களாக்கா?" என்றாள்.

"இல்லையே."

"அப்ப இவ்வளவையும் உங்க காலே கண்டுபிடிச்சிருக்கு."

இன்னொன்றும் சொன்னாள். விரிப்புக்கு அடியில் பாரத்தை அளக்கும் பலகை ஒன்று இருந்தது. நான் மறைத்து நடந்தபோதுதான் பாதத்தின் ஓரத்தில் பாரம் அதிகமாக விழுந்திருக்கிறது. அந்தக் காய்ப்பும் வலியும் நடிப்புக்குக் கிடைத்த கூலி.

டாக்டர் விடவில்லை. "வாங்க, படியையும் பாத்திருவோம்" என்று மூன்று மாடி ஏற்றினார். மேலே போய் நின்று திரும்பிப் பார்த்தேன். அவர் இரண்டாவது மாடியில் கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அங்கிருந்தே, "போதும்மா, எழுதித் தாரேன்" என்றார். நடக்கவும் படி ஏறவும் தகுதியானவர், செருப்பின் ஓரத்தில் மெத்தை வைத்துக்கொண்டால் போதும் என்று எழுதிக் கொடுத்தார்.

மேற்பார்வையாளர் அதை இரண்டு முறை படித்தார். "சரி, நாளையிலருந்து வாங்க. மாடி இல்லாத தெருவாப் பாத்துப் போடுதேன்" என்றார்.

எங்கிருந்து தைரியம் வந்ததோ, "வேண்டாம் சார். எனக்கு நான் பாத்த மாடி வீட்டுத் தெருவே வேணும்" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு அதையே போட்டார். வாசல் வரைக்கும் என் சொந்த நடையில் நடந்து வெளியே வந்தேன். முதுகுக்குப் பின்னால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று நான் எண்ணவில்லை.

பிறகு அந்தப் பெண் போனில் கூப்பிட்டாள். என் கோடுகளை வகுப்பில் மாணவர்களுக்குக் காட்டலாமா, பெயர் போட மாட்டோம் என்றாள். சம்மதித்தேன். பெயர் போட்டால்தான் என்ன என்று உள்ளுக்குள் ஒரு ஆசை வந்தது உண்மை. கோடுகளின் படத்தை எனக்கும் வாட்ஸப்பில் அனுப்பினாள். என் வீட்டுக்காரர் அதைப் பிரிண்ட் எடுத்து பீரோ கதவில் ஒட்டிவைத்திருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்கள் பதறிப்போய், "யாருக்கு ஈசிஜி எடுத்தீங்க?" என்று கேட்பார்கள். "இவ நடைதான் அது" என்று அவரே பெருமையாகச் சொல்லுவார்.

இன்றைக்கும் தெருவில் யாராவது திரும்பிப் பார்த்தால் ஒரு நொடி மனசு கூசத்தான் செய்கிறது. ஆனால் யாரும் சொல்லித்தராமலே எனக்காக ஒரு நடையைக் கண்டுபிடித்து இத்தனை வருடம் என்னைச் சுமந்த காலை, பார்க்கிறவர்களுக்காக நான் இனி மாற்றி வைப்பதில்லை.